பவல் சத்தமும் நெல் லொறியும்: பழைய இராணுவ டீசல் வண்டிகள் பற்றி ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். வெளிநாட்டு டீசல் பிரியர்கள் பழைய அமெரிக்க இராணுவ லொறி, மெர்சிடிஸ் யூனிமொக், டொயோட்டா லேண்ட் குரூசர் 70 என்று ஏன் உயிரை விடுகிறார்கள், அந்த எஞ்சின்கள் உண்மையிலேயே நம்மூர் இசுசு எல்ஃப் லொறியை விடத் திறமானவையா, அப்படி ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: அந்த வீடியோக்களை வீட்டில் போட்டால் அப்பா எழும்பி வெளியே போய்விடுகிறார் என்று. நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இராணுவ வண்டியின் மேல் ஆசை வரலாமா? எஞ்சின் பற்றிய பதிலும் இதற்குள்தான் கிடக்கிறது, அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். நான் இந்த ஊரில் டீசல் பம்ப் ரூமில், அதாவது எஞ்சினுக்கு டீசலை அனுப்பும் பம்புகளைத் திருத்தும் பட்டறையில், முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறவன். பம்ப், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசில், அதோடு ஒட்டிய எஞ்சின் வேலை. என் கையால் கழற்றிப் பூட்டியதை உறுதியாகச் சொல்வேன். கையில் படாததை அப்படியே சொல்லிவிடுவேன்.

எனக்கு இராணுவ வண்டி முதலில் சத்தமாகத்தான் தெரியும். பாலையூற்றில் எங்கள் வீடு தெருவை விட்டுக் கொஞ்சம் உள்ளே. இரவில் தூரத்தில் பவல் என்ற இராணுவக் கவச வண்டி வருகிற இரைச்சல் கேட்டால் அம்மா விளக்குத் திரியைக் குறைத்துவிடுவார். நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். சத்தம் வளைவில் கியர் குறைக்கும், பிறகு நேராக வரும், வாசலைத் தாண்டும். தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டோம். உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஒன்று இருக்கும். அவர் எழும்பிப் போவது உங்கள் வீடியோவைப் பார்த்து அல்ல. அதற்குள் கேட்கிற ஒன்றைக் கேட்டு.

பதினேழு வயதில் பம்ப் ரூமில் சேர்ந்தேன். தம்பலகாமத்தில் இருந்து நெல் ஏற்றுகிற ஒரு டாடா லொறி பம்ப் வேலைக்கு வந்தது. பம்பைப் பூட்டி, காற்று எடுத்து, ஸ்டார்ட் செய்து, சும்மா ஓட விட்டோம். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. பயம்தான். ஏன் என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, அதே சத்தம். பட்டறையின் மூத்த மெக்கானிக்கான பெரிய பாஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சோக்கட்டியை எடுத்து வேலை மேசையில் 97, 128 என்று எழுதினார். சிலிண்டரின் விட்டம் 97 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மில்லிமீற்றர், ஆறு சிலிண்டர், மொத்தம் 5,675 சிசி. "பவலுக்கும் இதுதான், இந்த லொறிக்கும் இதுதான்" என்றார்.

அவர் சொன்னதன் பின்கதை இது. பவல் என்று நாங்கள் சொல்கிற பஃபல், தென்னாபிரிக்காவில் கண்ணிவெடிக்குத் தாங்குவதற்காகச் செய்த வண்டி. இலங்கை இராணுவம் 1980களின் நடுவில் வாங்கியது. பிறகு அதை முன்மாதிரியாக வைத்து இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவே யூனிகோர்ன், யூனிபஃபல் என்று இங்கேயே கட்டியது. பஃபலின் அடிச்சட்டம் மெர்சிடிஸ் யூனிமொக். அதன் எஞ்சின் ஓஎம் 352 என்ற ஆறு சிலிண்டர் டீசல். டாடா கம்பனி 1954 முதல் 1969 வரை டைம்லர் பென்ஸோடு கூட்டாக லொறி செய்தது. அந்தக் கூட்டு முடிந்த பிறகும் மெர்சிடிஸ் வழியிலேயே எஞ்சின்களை வளர்த்தது. டாடா 697 என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள்: 6 சிலிண்டர், 97 மில்லிமீற்றர். அளவு அச்சொட்டாக ஓஎம் 352. என்னைச் சிறுவயதில் மூச்சடக்க வைத்த எஞ்சினும் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு நெல் கொண்டுவந்த எஞ்சினும் ஒரே குடும்பம்.

இன்னும் பின்னால் போனால் யூனிமொக்கே இராணுவத்துக்காகப் பிறந்த வண்டி இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் ஆல்பர்ட் ஃப்ரீட்ரிக் என்ற பொறியியலாளர் அதைத் தோட்ட வேலைக்காக வரைந்தார். முதல் யூனிமொக்கின் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1,270 மில்லிமீற்றர். உருளைக்கிழங்குப் பாத்தி இரண்டின் அகலம் அது. கிழங்குச் செடி மிதிபடாமல் போவதற்கு வைத்த அளவு. அச்சைச் சக்கரத்தின் நடுவில் வைக்காமல் கியர் போட்டு மேலே தூக்கியதும் வரம்பும் கல்லும் அடியில் தட்டாமல் இருக்கத்தான். இராணுவங்கள் பிறகு வந்து அந்த உயரத்தைக் கண்டு எடுத்துக்கொண்டன. இதை அறிந்த பிறகு அம்மாவின் விளக்குத் திரி எனக்கு மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், மறக்கவில்லை. ஆனால் ஒரு எஞ்சினைக் கையில் எடுக்கும்போது இது யாரை ஏற்றியது என்று கேட்பதை விட்டு, இதை யார், எதற்காக, எவ்வளவு கவனத்தோடு செய்தான் என்று கேட்க என்னால் முடிந்தது. உங்கள் ஆசையில் பிழை இல்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இந்த வண்டிகளின் பெருமை பலத்தில் இல்லை. கணக்குப் பாருங்கள்: ஓஎம் 352 ஐந்தே முக்கால் லீற்றருக்குக் கிட்ட, டர்போ இல்லாமல் 100, 120 குதிரைவலு அளவில் தரும். இன்றைய 2.8 லீற்றர் ஹைலக்ஸ் 200 தருகிறது. லீற்றருக்கு 20 எங்கே, 70 எங்கே. பழையது தோற்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த 20 குதிரைவலுவைத்தான் இரும்பு நாற்பது வருடம் தாங்குகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, சூடு குறைவு, சுற்று குறைவு. தேய்வதற்கு அவசரம் இல்லை. இராணுவ எஞ்சினை வரைகிறவன் மூன்று விஷயத்தை முதலிலேயே எடுத்துக்கொள்கிறான்: ஊற்றுகிற டீசல் எண்ணெய் மோசமாக இருக்கும், பராமரிப்பு நடக்காது, திருத்துகிறவன் இரவில் களைத்துப்போய் ஒரு ஸ்பானரோடு நிற்பான். அந்த மூன்றும் நம் நாட்டில் எல்லா லொறிக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

2022இல் இதை நான் கண்ணால் கண்டேன். டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலம். கிடைத்த மண்ணெண்ணெயைக் கலந்து ஓடினார்கள். அடுத்த மாதங்களில் என் மேசைக்கு வந்த பம்புகளைச் சொன்னால் உங்களுக்கு முழு விஷயமும் விளங்கும். ஒரு வான் வண்டியின் ரோட்டரி பம்பைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் மண்ணெண்ணெய் வாசம். உள்ளே கிடந்த எண்ணெய் சிலேட்டுப் பென்சிலை அரைத்துக் கரைத்த மாதிரிச் சாம்பல் நிறம். விரலை விட்டு எடுத்து வெயிலில் பிடித்தால் வெள்ளி மினுக்கம், முழுக்க இரும்புத் தூள். பம்பை இயக்கும் கேம் பிளேட் என்ற தட்டில் ரோலர் ஓடுகிற பாதை நகத்துக்குத் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளம். அந்த வகைப் பம்பில் எண்ணெயைத் தள்ளும் ஒரே பிளஞ்சர்தான் எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடும். உள்ளே எல்லா உறுப்புக்கும் வழுக்கல் கொடுப்பது அதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் போதாது. அதே மாதம் ஒரு பழைய டாடாவின் இன்லைன் பம்பும் வந்தது. அதன் சொந்தக்காரரும் கலந்துதான் ஓடியிருந்தார், மறைக்காமல் சொன்னார். இன்லைனில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெயைத் தள்ளும் தனி எலிமென்ட். அடியில் சுழலும் கேம் எஞ்சின் ஒயிலில் குளித்தபடி இருக்கும். எலிமென்ட்டுகளில் மினுக்கம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். கழுவி, இரண்டை மாற்றி, சோதனை பெஞ்சில் ஏற்றி அளவைச் சரிசெய்து கொடுத்தேன். வானின் பம்புக்கு மாற்றுத்தான் தேட வேண்டி வந்தது. பழைய இராணுவ லொறிகளில் பெரும்பாலும் இன்லைன் பம்பே இருப்பதற்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை.

பழையவற்றில் நொசில் திறப்பது 200 பார் அழுத்த அளவில். எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் எண்ணெயை அழுத்தி வைக்கும் இன்றைய கொமன் ரெயிலில் 1,600, 2,000 பார் என்று போகும். 1995இல் ஹினோ லொறியில் டென்சோ முதலில் போட்ட தொழில்நுட்பம் அது. புகை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, அதுவும் அழகான வேலைப்பாடு. ஆனால் அது நல்ல எண்ணெயை நம்பிச் செய்தது. பரலில் இருந்து வாளி, வாளியில் இருந்து புனல் என்று எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் அது நிற்காது.

நீங்கள் கேட்ட "எதை ஊற்றினாலும் ஓடும்" என்ற அமெரிக்க லொறிக் கதைக்கு வருகிறேன். எம்35 என்ற இரண்டரைத் தொன் லொறி அது. அதற்குள் இருக்கும் 7.8 லீற்றர் மல்டிஃபியூவல் எஞ்சினை நான் திறந்ததில்லை, அதன் வேலை முறையைப் படித்து அறிந்தவன் மட்டும். உறுதியானது என்னவென்றால், அது எரிகிற விதம் ஜெர்மனியின் மான் கம்பனி கண்டது. சாதாரண டீசலில் எண்ணெயைக் காற்றுக்குள் பீய்ச்சுவோம். இதில் பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி, அதன் சுவரில் எண்ணெயைப் படலமாகப் பூசுவது போல் அடிப்பார்கள். சுவரின் சூட்டில் அது ஆவியாகிச் சுழல்கிற காற்றோடு மெல்ல மெல்லக் கலந்து எரியும். அதனால் எந்த எண்ணெய் என்ற கரைச்சல் குறைகிறது. டீசல், மண்ணெண்ணெய், விமான எண்ணெய் என்று போகும். எண்ணெயின் அடர்த்திக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்க பம்பில் ஒரு தனி உறுப்பும் உண்டு. பெற்றோல் அவசரத்துக்கு மட்டும். பொரித்த எண்ணெய், கழிவு ஒயில் எல்லாம் ஊற்றி வருடக் கணக்காக ஓடுகிறது என்று சிலர் சொல்வதை நம்பி நீங்கள் எதையும் செய்யாதீர்கள். வடிகட்டாத கழிவு ஒயில் எந்த எலிமென்ட்டையும் அரிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போரில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய பெற்றோல் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஓடியது உண்மை. அந்த எஞ்சின்கள் எவ்வளவு கரியோடு திறந்தன என்பதும் அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இராணுவத்துடையது என்றால் எல்லாம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இதே "எந்த எண்ணெயும்" ஆசையில் பிரித்தானியர் தங்கள் சீஃப்டன் டாங்கிக்கு லேலண்ட் எல்60 என்று ஒன்றைச் செய்தார்கள். ஆறு சிலிண்டருக்குள் பன்னிரண்டு பிஸ்டன், ஒன்றை ஒன்று பார்த்தபடி ஓடும். யோசனை அபாரம். ஆனால் நம்பிக்கை இல்லாத எஞ்சின் என்று பெயர் எடுத்தது, திருத்தித் திருத்தியே அதன் காலம் போனது. அமெரிக்கரின் ஹம்வியில் முதலில் இருந்த 6.2 லீற்றர் வி8, ஜெனரல் மோட்டர்ஸ் பொதுமக்களின் பிக்கப்புக்குப் போட்ட அதே எஞ்சின்தான். பச்சை நிறம் அடித்ததால் அது இரும்பு மாறிவிடவில்லை.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2011 தை வெள்ளத்தில் மூதூர்ப் பக்கம் வீதிக்கு மேல் தண்ணீர் நின்றபோது போய்வந்தவை மாசி டிராக்டரும் இராணுவ லொறியும்தான். பழைய டீசலுக்குப் பொறி தேவையில்லை, நனைந்து கெடுவதற்கு வயரும் இல்லை. காற்றை அழுத்தினால் வருகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றும். ஆகவே காற்று உறிஞ்சும் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும். வாய் தாழ்ந்தால் கதை வேறு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வான் வந்தது. ஒரு மிடறு தண்ணீர் குடித்திருக்கிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொனெக்டிங் ரொட் வில்லாக வளைந்திருந்தது.

வெளிநாட்டு வண்டிகளில் லேண்ட் குரூசர் 70ஐக் கேட்டீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளி எங்கும் உதவி நிறுவனங்களின் வெள்ளை லேண்ட் குரூசர்கள் நீண்ட அன்டெனாவோடு ஓடியது உங்களுக்கு ஞாபகம் இருக்க வயது காணாது. அந்த வகை வண்டிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1எச்இசட் என்ற எஞ்சின். 1990இல் வந்த 4.2 லீற்றர் ஆறு சிலிண்டர், டர்போ இல்லை, 130 குதிரைவலு சொச்சம். நான் வேலை செய்த எஞ்சின்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன். அவசரப்படாது, சூடாகாது, இரண்டாம் கியரில் மணலை மெல்லக் கடக்கும். ஒரே குறை பம்ப். ரோட்டரி வகை. மேலே சொன்ன மண்ணெண்ணெய்க் கதை இதற்கும் உண்டு. எண்ணெய் ஃபில்டரில் கஞ்சத்தனம் பார்த்தவர்கள்தான் இதைக் கொண்டு என்னிடம் வந்தார்கள்.

எல்ஃபைக் குறைவாக நினைக்காதீர்கள், தம்பி. 1959இல் இசுசு தொடங்கிய பெயர் அது. ஜப்பானில் நல்ல தார் வீதியில் ஓடி முடித்து இங்கே வந்து, கந்தளாய்க் கல்லையும் கிண்ணியா மீனையும் இரண்டு பங்கு பாரத்தில் இழுக்கிறது. பழைய எல்ஃப் 350களில் பலவற்றில் இருப்பதும் இன்லைன் பம்ப்தான். அது யாருடைய வீடியோவிலும் இல்லை. காலை ஐந்து மணிக்கு மீன் சந்தைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், உங்களுக்குத் தேவையான எஞ்சின் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ரயிலில் போகும்போது இன்னொன்றையும் பாருங்கள். எம்2 என்ற வகை ரயில் எஞ்சின்கள் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளின் உதவித் திட்டத்தில் கனடா கொடுத்த அன்பளிப்பு, 1954. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர்களோடு வந்தவை. உள்ளே பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 567 வகை. ஒரு சிலிண்டரே ஒன்பது லீற்றருக்கு மேல். அதே பன்னிரண்டு சிலிண்டர் குடும்பம் இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையில் இறக்கிய அமெரிக்கத் தரையிறக்கக் கப்பல்களில் கப்பலுக்கு இரண்டாக இருந்தது. போருக்குப் போன எஞ்சினின் வழிவந்தது எழுபது வருடமாக நம் சனத்தை ஏற்றி இறக்குகிறது. அது புறப்படும்போது முதல் பெட்டியில் இருந்து கேட்டுப் பாருங்கள்.

வாங்குவது பற்றிச் சொல்கிறேன். யூனிமொக்கோ பெரிய இராணுவ லொறியோ உங்கள் வயதில், உங்கள் வருமானத்தில் வேண்டாம். எஞ்சினுக்குச் சாமான் டாடா வழியில் ஓரளவு கிடைக்கும், ஆனால் அச்சுக் கியருக்கும் டயருக்கும் எங்கே போவீர்கள்? இராணுவ இரத்தம் உள்ளதுதான் வேண்டும் என்றால் 4டிஆர்5 எஞ்சின் போட்ட மிட்சுபிஷி ஜீப் ஒன்றைத் தேடுங்கள். 1953 முதல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமம் வாங்கி மிட்சுபிஷி கட்டிய வண்டியின் தொடர்ச்சி அது. 2.7 லீற்றர் டீசல், நம் நாட்டில் அதைத் தெரிந்த பாஸ்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஏலமோ தனியாரோ, பணம் கொடுக்க முன் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பதிவுப் புத்தகத்தோடு உங்கள் கண்ணால் ஒத்துப் பாருங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் கேட்டுவிடுங்கள். இதற்குரிய சட்ட விபரம் என் தொழில் இல்லை, அங்கே சொல்வதுதான் முடிவு. இராணுவத்தில் இருந்து வந்த வண்டி என்றால் பற்றரி 24 வோல்ட்டா என்று பாருங்கள், 12 வோல்ட் பல்பைப் போட்டு எரித்துவிடுவீர்கள். பார்க்கப் போவது விடியற்காலையில், எஞ்சினில் கையை வைத்துப் பார்த்த பிறகு. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்து, வெள்ளைப் புகை ஒரு நிமிடத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கையை மேலே பிடியுங்கள். அங்கே காற்று பலமாக ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவர முன் அப்பாவிடம் சொல்லுங்கள், முடிந்தால் பார்க்கப் போகும்போதே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். வண்டி பச்சையாக இருந்தால் முதல் வேலையாக நிறத்தை மாற்றிவிடுங்கள். வெள்ளையோ நீலமோ, எதுவானாலும் சரி. எங்கள் தெருக்களில் அந்தப் பச்சையைக் கண்டால் இன்னும் உள்ளே போகிற கிழவிகள் இருக்கிறார்கள்.